நான் சமப்படுத்திய மூலை

ஒரகடத்தில் அந்த வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூரில் நான்கு பெண்களோடு ஒரு அறையில் தங்கி, ஒரு வருடம் செல்போன் கம்பெனி லைனில் நின்றேன். பிறகுதான் நிலத்தை வடிவமைக்கும் ஒரு நிறுவனத்தில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. புதிதாக வரும் தொழிற்சாலைகளைச் சுற்றி மண்ணை மேடாகவும் பள்ளமாகவும் உருவாக்கி, புல் விரித்து, குளம் வெட்டிக் கொடுப்பது அவர்கள் தொழில். உட்கார்ந்து பார்க்கும் வேலை என்பதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

2013இல் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் வளாகம் எங்களிடம் வந்தது. வாசலிலிருந்து பின்பக்கச் சுவர் வரை ஆறு மண்மேடுகள், அலை அலையாக. கடைசி மூலையில் மழைநீர் தேங்க ஒரு குளம். பெங்களூரில் இருந்த ஆர்க்கிடெக்ட் வரைந்து அனுப்பியிருந்தார். அந்த வளைவுகளைக் கையால் கொண்டுவர முடியாது என்று நிறுவனம் மண் தள்ளும் ஒரு டோசரை வாடகைக்கு எடுத்தது. அதன் பிளேடின் இரண்டு முனைகளிலும் கம்பு நட்டு, தலையில் வெள்ளைக் காளான் போல ஆன்டெனா வைத்திருந்தார்கள். செயற்கைக்கோளை வைத்து, தான் நிற்கும் இடத்தை அது விரல் அகலத்துக்குள் கண்டுபிடித்துவிடும். ஆபரேட்டர் முன்னும் பின்னும் ஓட்டினால் போதும். எங்கே வெட்ட வேண்டும், எங்கே கொட்ட வேண்டும் என்பது பிளேடுக்குத் தெரியும், தானாக ஏறும், தானாக இறங்கும். அதற்கான கணக்கை ஒரு மெமரி கார்டில் ஏற்றி வண்டிக்குள் இருக்கும் பெட்டியில் செருக வேண்டும். அந்தக் கார்டைத் தயாரிப்பது என் வேலை. சைட்டில் எல்லாரும் அதை ரோபோ வண்டி என்றே சொன்னார்கள்.

ஆபரேட்டர் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். நாற்பதைத் தாண்டியவர், பதினெட்டு வருடம் கையால் லீவர் பிடித்தவர். இந்த வண்டி அவருக்குப் பிடிக்காது என்று நான் நினைத்திருந்தேன். அப்படியெல்லாம் இல்லை.

"முன்னாடிலாம் சாயங்காலம் ரூமுக்குப் போனா கை நடுங்கிக்கிட்டே கெடக்கும் தாயி. சோத்த உருட்டி வாயில வைக்க முடியாது. இப்ப ஒரு நோவும் இல்ல" என்றார். தெற்கத்திக்காரி என்று தெரிந்த முதல் நாளிலிருந்து என்னைத் தாயி என்றுதான் கூப்பிடுவார்.

புல் நடுவதற்குப் பக்கத்துக் காலனியிலிருந்து பத்துப் பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். அவர்களில் ஒரு அக்கா மதியம் என் கேபின் வாசல் நிழலுக்கு வந்து சாப்பிடுவார். என்னைவிட ஆறேழு வயது பெரியவர். அவர் வீட்டுக்காரர் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தார். பிள்ளைகள் இல்லை என்பதுபோல ஒருமுறை கையை விரித்தார், நான் மேலே கேட்கவில்லை. என் டிபன்பாக்ஸில் காய் இல்லாவிட்டால் தன்னுடையதிலிருந்து வைப்பார். அவர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்.

"அந்தாண்ட மூலைக்கு எப்போ போவீங்கோ?"

இன்னும் எத்தனை நாள் வேலை இருக்கும் என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "டைம் இருக்குக்கா. கடைசிலதான்" என்பேன்.

சர்வேயர் நிலம் முழுக்க நடந்து எடுத்த மேடுபள்ள அளவுகள் என்னிடம் இருந்தன. அவற்றைக் கம்ப்யூட்டரில் போட்டால் நிலம் பச்சைக் கோடுகளாலான வலை போலத் தெரியும். குளம் வரவேண்டிய மூலையில் மட்டும் அந்த வலை அம்மை போட்டதுபோல் பொரிந்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். சின்னச் சின்ன மேடுகள். எண்ணினால் பதினொன்று. எதுவும் முழங்கால் உயரம்கூட இல்லை. எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம், இரண்டரை அடி. ஓரத்தில் ஒரு மரம் என்று குறித்திருந்தது.

சர்வேயருக்கு போன் போட்டேன். அவர் மெட்ராஸ்காரர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர்.

"அங்க ஃபுல்லா வேலிகாத்தான் முள்ளுமா. கரிக்கு வெட்னவனுங்க இன்னாத்தையாவது குவிச்சி வச்சிருப்பானுங்க. இல்லாட்டி கரையான் புத்து. ஸ்மூத் பண்ணி வுடு" என்றார்.

கேபினிலிருந்து அந்த மூலை பத்து நிமிட நடை. மணி பன்னிரண்டு, வெளியே வெயில். வலை இப்படிப் பொரிந்திருந்தால் பெங்களூர் ஆபீஸ் பிழை என்று திருப்பி அனுப்பிவிடும். நான் அந்தப் பகுதியைக் கட்டம் கட்டி, சமப்படுத்தும் கட்டளையைக் கொடுத்தேன். மரத்தையும் எடுத்துவிட்டேன். இரண்டு நொடியில் முடிந்தது. அதற்கப்புறம் நான் டீ குடிக்கப் போனேன் என்பதுகூட நினைவிருக்கிறது.

நான் சமப்படுத்தாமல் விட்டிருந்தாலும் வண்டி அங்கே வெட்டியிருக்கும். பல வருடம் இதைச் சொல்லித்தான் சமாதானமானேன். ஆனால் அந்தப் பதினொன்றையும் கவனித்த ஒரே ஆள் நான்தான். வரைபடத்தில் அவை இருந்திருந்தால் எனக்குப் பிறகு வேறு யாராவது இது என்ன என்று கேட்டிருக்கலாம். அந்த வாய்ப்பையும் நான் எடுத்துவிட்டேன்.

முதல் இரண்டு மேடுகள் முடிந்து அங்கே புல் நடவு நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது மேட்டுக்கு மண் போதவில்லை என்று குளத்தை முன்கூட்டியே வெட்டச் சொல்லிவிட்டார் சைட் இன்சார்ஜ். டோசர் மூலைக்குப் போனது. இரண்டாவது நாள் காலை பத்து மணிவாக்கில் என் போன் அடித்தது. ஆபரேட்டர்.

"தாயி, கொஞ்சம் இங்க வந்துட்டுப் போங்க. யார்ட்டயும் சொல்லாண்டாம்."

நான் போனபோது இன்ஜினை நிறுத்திவிட்டுக் கீழே நின்றிருந்தார். துண்டை விரித்து, அதன்மேல் எதையோ வைத்திருந்தார். ஒரு பாலாடை. பச்சைக் குழந்தைக்குப் பால் புகட்டுகிற, மூக்கு நீண்ட சின்னப் பாத்திரம். எவர்சில்வர். மண்ணைத் துடைத்திருந்தார். பக்கத்தில் இரண்டு கறுப்பு வளையல், என் கட்டைவிரல்கூட நுழையாத அளவு.

"நேத்தே ஒரு துணி வந்துச்சு. பழந்துணின்னு விட்டுட்டேன். இன்னைக்கு இது. இதுக்கு மேல எனக்குப் பாக்கத் தெம்பு இல்ல தாயி. இது புள்ளைகளப் பொதச்ச எடம்."

பிளேடுக்கு முன்னால் மண் குவிந்து நின்றது. நான் அதைக் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. பதினொன்று என்ற எண் மட்டும் தலைக்குள் வந்துவிட்டது.

வண்டிச் சத்தம் நின்றதைக் கவனித்துவிட்டு இன்சார்ஜ் பைக்கில் வந்தார். கோபக்காரரோ கெட்டவரோ இல்லை, திறப்பு விழாத் தேதி தலைக்குமேல் தொங்குகிற ஆள். பாலாடையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"ரெக்கார்டுல இது தரிசு. ஊர்ச் சுடுகாடு ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கு. எல்லாம் பாத்துத்தான் வாங்கியிருக்காங்க. வண்டிய எடுங்க" என்றார்.

"நான் ஓட்ட மாட்டேன் சார்."

"நீ எங்கய்யா ஓட்டுற? மிஷின்தானே வெட்டுது. நீ சும்மா மேல ஒக்காரு."

ஆபரேட்டர் சீட்டுக்கடியில் இருந்த தன் சாப்பாட்டுப் பையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார். மத்தியானமே மறைமலை நகரிலிருந்து வேறொருவரை வரவழைத்தார்கள். அவருக்கு வண்டி புதிது. பெட்டியில் செருகியிருந்த கார்டு என்னுடையதுதான் என்பதால் அது ஒரு குறையாகவே இல்லை. மறுநாள் மாலைக்குள் குளம் முடிந்தது, மண் மூன்றாவது மேடாகிவிட்டது. விளிம்பெல்லாம் வரைந்ததுபோலவே வழவழவென்று வந்திருந்தது.

"யாராவது கேட்டா நமக்கு ஒண்ணும் தெரியாது" என்று இன்சார்ஜ் என்னிடம் சொன்னார். பாலாடையையும் வளையலையும் என் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். அன்றும் மறுநாளும் அந்த அக்காவோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். எதுவும் சொல்லவில்லை. அவருக்கும் அந்த மூலைக்கும் என்ன தொடர்பு என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் காலனி ஆட்கள் யாருக்கோ தொடர்பு இருக்கும் என்பது தெரியும்.

புல் நடவு மூன்றாவது மேட்டுக்கு வந்தது. அடிவாரத்திலிருந்து வரிசை வரிசையாக மேலே ஏறுவார்கள். நாலாம் நாள் உச்சிக்கு வந்தபோது அங்கிருந்து பின்பக்க மூலை தெரிந்தது. அதுவரை மேடு மறைத்துக்கொண்டிருந்தது.

அக்கா புல்கட்டைப் போட்டுவிட்டு ஓடியதை மற்றப் பெண்கள்தான் வந்து சொன்னார்கள். நான் போவதற்குள் அவரே என் கேபினுக்கு வந்துவிட்டார். மூச்சு வாங்கியது, முழங்கை வரை சேறு.

"எம்புள்ள அங்க கீது" என்றார். "ஒம்போது நாள் புள்ள. போன தையில வெச்சோம். தோட்டந்தான் போடப்போறாங்க, கட்டடம் வராதுன்னு சொன்னாங்களே. அதுக்குத்தான நான் இந்த வேலைக்கே வந்தேன்."

அந்தக் காலனியில் தவறிப்போகும் பச்சைக் குழந்தைகளைப் பெரிய சுடுகாட்டுக்குக் கொண்டுபோவதில்லை. அந்த மூலையில், ஒரு வேப்ப மரத்தை ஒட்டிப் புதைத்து, நாய் தோண்டாமலிருக்க முள் வெட்டிப் போடுவார்கள். எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை. ஒன்பது நாள் குழந்தைக்குப் பெயர்கூட வைத்திருக்கவில்லை.

நான் டிராயரைத் திறந்து காட்டினேன். அவர் பாலாடையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாங்களும் இதே மாரிதான் வெச்சோம். எல்லாரூட்லயும் இதே மாரிதான்" என்று திரும்ப வைத்துவிட்டார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"மரத்துலருந்து மூணாவது. எந்த எடம்னு காட்டேன். ஒன் கம்ப்யூட்டர்ல எல்லாம் கீதுன்னு சொல்லுவியே."

இருந்தது. சமப்படுத்துவதற்கு முன்னால் சர்வேயர் அனுப்பிய கோப்பு அழியாமல் இருந்தது. மரமும் இருந்தது. ஆன்டெனா வைத்த அளவுக் கம்பை எடுத்துக்கொண்டு அவரோடு நடந்தேன். நாம் தேடுகிற இடத்துக்கு மேல் நிற்கும்போது அந்தக் கம்பில் ஒரு சத்தம் வரும். முதலில் மரம் நின்ற இடம். அங்கிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. சத்தம் வந்த இடத்தில் ஒரு மரக்குச்சியை அடித்தேன். நாங்கள் குளத்தின் தரையில் நின்றிருந்தோம். பழைய நிலத்தைவிட நாலேகால் அடி கீழே நிற்கிறேன் என்று கம்பின் திரை காட்டியது.

அவர் குச்சியின் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணில் உள்ளங்கையை வைத்தார்.

"எவ்வளவு ஆழத்துல வச்சீங்கக்கா?"

"அவருதான் தோண்டினாரு. இடுப்பளவு."

இடுப்பளவு என்றால் மூன்றடி.

"இங்கதான கீது? கீழ?" என்று என்னை அண்ணாந்து பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல என்னால் முடியவில்லை.

"ஆமாக்கா. இந்த எடத்துல ஒரு அடிதான் எடுத்திருக்காங்க. கீழதான் இருக்கு."

அவர் அழுதார். ஆனால் அது வேறு அழுகை. நல்லது செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு அன்று அறைக்குப் போனேன்.

மறுநாள் பிற்பகல் மூன்றரைக்கு அவர் வீட்டுக்காரர் வந்தார். முதல் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். கம்பெனிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. கையில் கடப்பாரையும் மண்வெட்டியும். பின்னால் அக்கா ஒரு புது மண்சட்டியும் மஞ்சள் துணியும் வைத்திருந்தார். இன்னும் ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். இன்சார்ஜ் அன்று ஊரில் இல்லை. காவலாளி என்னைக் கேட்டார், நான் தலையாட்டினேன். எதற்கு வந்திருக்கிறார்கள் என்று அந்த நிமிடம் வரை எனக்குப் புரியவில்லை.

"கீழதான் கீதுன்னு சொன்னீங்களாமே" என்றார் அவர் மரியாதையாகவே. "குளம்னா தண்ணி நிக்கும். அதுல வுட முடியாது. எடுத்துனு போய் ஏரிகிட்ட வெச்சிடறோம். ஒரு மணி நேர வேலைதான்."

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அப்போதாவது சொல்லியிருக்கலாம். குச்சி அடித்த இடத்துக்கு அவர்களோடு நடந்தேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, குச்சியைப் பிடுங்கி மெல்ல ஓரமாக வைத்தார். முதலில் மண்வெட்டியால் மேலாகச் சுரண்டினார், கையால் துழாவினார். பிறகு கடப்பாரை. இரண்டு மூன்று அடி போட்டதும் கிராவல் மண்ணில் பட்டுக் கணீரென்றது. அவர் நிறுத்தி, ஒரு கட்டியை எடுத்து உடைத்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் பக்கவாட்டில் தோண்டினார். அங்கும் அதே சத்தம். அரை மணி நேரத்தில் தொடையளவுக் குழி. வெறும் குழி.

குழிக்குள் நின்றபடியே என்னைப் பார்த்தார்.

"இது தொடாத மண்ணு. ஒரு தபா தோண்டி மூடின மண்ணு எனக்குத் தெரியாதா? நாந்தான வெச்சேன். எவ்ளோ எடுத்தாங்கோ? நெசத்தச் சொல்லு."

"நாலேகால் அடி" என்றேன்.

"அந்த மண்ணு எங்க?"

நான் மூன்றாவது மேட்டைக் காட்டினேன். அதன் பாதி உடம்பில் புல் பிடித்துப் பச்சையாக இருந்தது. அக்கா திரும்பிப் பார்த்தார்.

"அங்கதான் நாலு நாளா புல்லு வெச்சிகினு இருந்தேன்" என்றார். என்னிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. "மிதிச்சி மிதிச்சி வெச்சேன். வேர் புடிக்கணும்னு நல்லா மிதிக்கச் சொன்னாங்க."

சட்டியை அங்கேயே வைத்துவிட்டு நடந்தார். அவர் பின்னால் எல்லாரும் போனார்கள். வீட்டுக்காரர் மட்டும் நின்று, தோண்டிய குழியை மூடிவிட்டுப் போனார்.

மேட்டைப் பிரித்துத் தேட வேண்டும் என்று காலனி ஆட்கள் இரண்டு நாள் கேட்டில் உட்கார்ந்தார்கள். ரோலர் விட்டு இறுக்கிய மேடு, அதில் எந்த மண் எங்கே போயிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்று இன்சார்ஜ் சொன்னார். அது உண்மைதான். எந்தக் கணக்கிலும் அது இல்லை. பிளேடு எங்கே நிற்கிறது என்றுதான் வண்டிக்குத் தெரியும், எதைத் தள்ளுகிறது என்று தெரியாது. வருவாய்த்துறை ஆள் வந்து தரிசு என்ற காகிதத்தைக் காட்டினார். கடைசியில் காலனிக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டித் தருவதாகப் பேசி முடித்தார்கள். ஒரு நாள் மட்டும் மேட்டில் கற்பூரம் ஏற்றிக்கொள்ளலாம், அரை மணி நேரம்.

அதற்கு அவர்கள் பார்வையாளர் அட்டை வாங்கி வர வேண்டியிருந்தது. யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் என்ன எழுதுவது என்று காவலாளிக்குத் தெரியவில்லை. எல்லா அட்டையிலும் என் பெயரை எழுதிவிட்டார். கழுத்தில் என் பெயரைத் தொங்கவிட்டுக்கொண்டு அவர்கள் மேட்டடியில் நின்று கற்பூரம் ஏற்றுவதை நான் கேபின் ஜன்னலிலிருந்து பார்த்தேன். டிராயரில் இருந்ததை ஒரு கவரில் போட்டுக் காவலாளியிடம் கொடுத்தனுப்பினேன். யார் வாங்கிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

வேலை முடிந்ததும் இறுதி வரைபடம் கொடுக்க வேண்டும். நிலம் முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று இரண்டும். முன்பு எப்படி இருந்தது என்ற தாளில் அந்தப் பதினொன்றையும் மரத்தையும் நான் திரும்பப் போட்டு அனுப்பினேன். மூன்றாம் நாள் பெங்களூரிலிருந்து திரும்பி வந்தது. மூலையில் சிவப்பு வட்டம் போட்டு, அளவீட்டுப் பிழை, நீக்கவும் என்று எழுதியிருந்தது. அவை என்ன என்று ஒரு வரி பதில் எழுதியிருக்கலாம். விரல் விசைப்பலகைமேல் வெகுநேரம் இருந்தது. பிறகு அதே கட்டம், அதே கட்டளை. இந்த முறை அவை என்னவென்று தெரிந்தே செய்தேன்.

ஆபரேட்டர் ஓசூரில் ஒரு குவாரியில் சேர்ந்துவிட்டார். ஒருநாள் போனில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. "நானும் அந்தத் துணியப் பாத்துட்டு அன்னைக்கு ஓட்டுனவன்தான தாயி" என்று மட்டும் சொன்னார். அப்புறம் அவருக்கும் எனக்கும் பேச எதுவும் இல்லாமல் போய்விட்டது. நான்கு மாதத்தில் நானும் அந்த வேலையை விட்டுவிட்டு, தண்டலத்தில் ஒரு கல்லூரியில் ஆய்வகப் பொறுப்பில் சேர்ந்தேன்.

2015 கோடையில் ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். எதிர் இருக்கையில் அந்த அக்கா. ஏதோ கம்பெனியின் ஹவுஸ்கீப்பிங் சீருடையில் இருந்தார். இறங்கிவிடலாமா என்று நினைப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

வெகுதூரம் வரை அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு சாதாரணமாக, விலை கேட்பதுபோலக் கேட்டார்.

"அன்னிக்கி இன்னாத்துக்கு அப்டிச் சொன்ன?"

"நீங்க அழுதீங்கக்கா. தாங்க முடியல."

"அழுதா அழுதுட்டுப் போறேன். எம்புள்ள, நான் அழுவறேன். ஒனக்கு இன்னா?" குரல் உயரவில்லை. "நீ இல்லன்னு சொல்லிருந்தா இல்லன்னு போயிருப்பேன். அவுரு அந்தக் குழியத் தோண்டினதை நான் பாத்திருக்க வேணாம். இப்போ கண்ண மூடினா புள்ள மூஞ்சி வர்ல. அந்தக் குழிதான் வருது."

மன்னித்துவிடுங்கள் என்றேன், ஆட்டோ சத்தத்தில் அது அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அடுத்த கம்பெனி கேட்டில் டிரைவரின் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார். இறங்கி, சில்லறை கொடுத்துவிட்டு, ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதுபோல வேகமாக உள்ளே நடந்தார். இடம் காலியானதும் பக்கத்தில் நின்றிருந்த இரண்டு பையன்கள் ஏறிக்கொண்டார்கள், ஆட்டோ கிளம்பியது.